முதலில் திரை, பிறகு கேமரா

டிசம்பரில் கேரளத்துக்கு ரயில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சபரிமலைக்குப் போகிறவர்கள் அல்ல. சென்னை, மதுரை, கோவையிலிருந்து ஒரு கூட்டம் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுக்கிறது. கழுத்தில் டெலிகேட் அட்டை, நாளுக்கு நாலைந்து படம், இடைவேளையில் கட்டன்சாயா. இதுவும் ஒருவகை விரதம்தான்.

கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் தொடங்கியது. 1998இல் மாநில அரசு சலச்சித்ர அகாதமியை அமைத்து விழாவை அதன் கையில் கொடுத்தது. அரசு விழாதான்; ஆனால் அதன் பெருமை சிவப்புக் கம்பளத்தில் இல்லை. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்களின் வாசலில் நிற்கும் வரிசையில் இருக்கிறது. 2013இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது, உள்ளூர் நடிகரைப் போல அவரை மொய்த்தார்கள். 2022 மார்ச்சில் நடந்த விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லுக்குப் பார்வையாளர் விருது கிடைத்தது. நம் ஊர்ப் படம் ஒன்றுக்கு அண்டை மாநிலத்து ரசிகர்கள் ஓட்டுப் போட்டு விருது கொடுக்கிறார்கள் என்றால், அந்த ரசிகர்களை யார், எப்போது உருவாக்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விடை, விழா தொடங்குவதற்கும் சுமார் முப்பது ஆண்டுகள் முன்னால் இருக்கிறது. 1965இல், புனே திரைப்படக் கல்லூரியை முடித்த அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் ‘சித்ரலேகா’ ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். உலகப் படங்களைக் கொண்டுவந்து காட்டுவது முதல் வேலை. படம் எடுப்பது அதற்கடுத்து. சித்ரலேகா கூட்டுறவுச் சங்கத்தின் ‘சுயம்வரம்’ 1972இல் வந்து தேசிய விருதுகளில் சிறந்த படமானது. பார்வையாளரை முதலில் திரட்டி, படத்தைப் பிறகு எடுப்பது என்ற இந்த வரிசைமுறைதான் கேரளச் சுயாதீன சினிமாவின் தனித்தன்மை என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டிலும் ஃபிலிம் சொசைட்டிகள் இருந்தன. பெரும்பாலும் பெரிய நகரங்களைத் தாண்டவில்லை.

அந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஜான் ஆபிரகாம். ‘அக்ரகாரத்தில் கழுதை’யைத் தமிழில் எடுத்துவிட்டுப் போன அதே ஜான். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் ‘ஒடேசா’ கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் போட்டுக் காட்டி, துண்டேந்தாத குறையாகப் பணம் வசூலித்தார்கள். தயாரிப்பாளர் என்று ஒரு முதலாளி கிடையாது; காசு போட்ட ஊர்க்காரர்களே தயாரிப்பாளர்கள். அப்படி உருவானது 1986இன் ‘அம்ம அறியான்’. இறந்துபோன ஓர் இளைஞனின் செய்தியை அவன் தாயிடம் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிவரை ஒருவன் பயணப்படுகிறான். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொள்கிறார்கள். படம் எடுக்கப்பட்ட விதமே படத்தின் கதையாகவும் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. மறு ஆண்டே ஜான் இறந்தார்.

புரொஜெக்டர் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. பிளாச்சிமடை நிலத்தடி நீர்ப் போராட்டத்தைப் பி. பாபுராஜுடன் சேர்ந்து ஆவணப்படமாக எடுத்த சி. சரத்சந்திரன், அதைச் சுமந்துகொண்டு மாநிலம் முழுக்கப் படம் காட்டியவர். திரிச்சூரில் 2006இல் தொடங்கிய ‘விப்ஜியார்’ ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் பின்னால் அவரும் ஆவணப்பட இயக்குநர் கே.பி. சசியும் இருந்தார்கள்.

அரசு விழாவும் சுயாதீனக்காரர்களும் எப்போதும் கைகோத்து நடந்தார்கள் என்றில்லை. சனல்குமார் சசிதரனின் ‘செக்ஸி துர்கா’ 2017இல் ரோட்டர்டாமில் டைகர் விருது பெற்றது. அதே ஆண்டு கோவா விழாவின் இந்தியன் பனோரமாவுக்குத் தேர்வாகி, ஒன்றிய அமைச்சகத்தால் நீக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் திரையிடச் சொல்லியும் அங்கே திரையேறவில்லை. கேரள விழாவோ அதைப் போட்டியில் சேர்க்காமல் ‘மலையாள சினிமா இன்று’ பிரிவில் வைத்தது. சனல் படத்தைத் திரும்பப் பெற்றார். அவருடைய ‘காழ்ச்ச’ அமைப்பு, பெரிய விழா நடக்கும் நாட்களிலேயே அதே நகரத்தில் தனி விழா ஒன்றை நடத்தியது. கோபத்தில் பிறந்த விழா என்று அதை ஒதுக்கிவிட முடியாது. விழாவுக்குள் இடம் கிடைக்காத சிறிய படத்துக்குத் தெருவில் இடம் பிடித்துக்கொடுப்பது ஒடேசா காலத்து வழக்கம்தான்.

தீராத சிக்கல் வேறு: விழா முடிந்ததும் படம் எங்கே போகும்? விழாவில் நிற்க இடமில்லாமல் ஓடிய படத்துக்கு, தியேட்டரில் ஒரு காலைக்காட்சி கிடைப்பதே அரிது. இதற்காகக் கேரள அரசு 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியது. சந்தா கிடையாது, பார்க்கிற படத்துக்கு மட்டும் கட்டணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டமாகப் படம் பார்த்து வளர்ந்த ஒரு மரபு, வீட்டில் தனியாகக் கைபேசியில் பார்க்கிறவரை எப்படித் திரட்டும்?

2024 விழாவில் பார்வையாளர் விருது உட்படப் பல விருதுகளை அள்ளியது ஃபாசில் முகம்மதுவின் ‘ஃபெமினிச்சி பாத்திமா’. பொன்னானியில் ஓர் இல்லத்தரசி. பிள்ளை நனைத்துவிட்ட படுக்கைக்குப் பதிலாகப் புது மெத்தை வேண்டும் என்பதுதான் அவள் கதை. வரிசையில் நின்று பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே வாக்களித்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில்தான் படம் தியேட்டருக்கு வந்தது.