கப்பலுக்கு இரண்டு லென்ஸ் போதும்

அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு எந்த லென்ஸ் என்று கேட்டால், 24-105, 100-400 என இரண்டு ஜூம் போதும் என்பேன். தரையில் நாலடி முன்னே போய் ஃப்ரேமைச் சரிசெய்யலாம். கப்பல் தளத்திலோ கைப்பிடிக் கம்பியோடு நம் எல்லை முடிந்துவிடுகிறது. தூரத்தைத் தீர்மானிப்பவர் கேப்டன். கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாதென்று அமெரிக்க விதியும் இருக்கிறது. அது வாலைத் தூக்கி முங்கும் சில நொடிகளில், நீர் சொட்டும் அந்த விளிம்பைப் பிடிக்க 400 மி.மீ. வேண்டும். கிளேசியர் பே தேசியப் பூங்காவில் மார்ஜரி பனியாற்றின் முகப்பு ஏறத்தாழ ஒரு மைல் அகலம், அதற்கு 24. அதே சுவரில் நீலம் பாய்ந்த ஒரு வெடிப்பை மட்டும் எடுக்க மறுபடி 400.

பிரைம் லென்ஸின் துல்லியம் ஜூமில் வருமா என்பார்கள். பெரும்பாலும் வராதுதான். ஆனால் உப்புத்தூறல் அடிக்கும் தளத்தில் மூன்று நான்கு பிரைம்களை மாற்றி மாற்றி மாட்டினால் சென்சாரில் ஈரமும் தூசியும் படியும். மாட்டி முடிப்பதற்குள் திமிங்கிலமும் போய்விடும். 100-400 கனம் என்பதும் நியாயமே. ஆனால் பெரும்பாலான நேரம் அதைச் சுமப்பது கப்பல்தான், தோள் அல்ல. இரவு விருந்துக்குச் செல்பேசி போதும். மூன்றாவது லென்ஸின் இடத்தில் உபரி பேட்டரி ஒன்றும் துடைக்கும் துணியும் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.