கைதட்டல் எதைச் சொல்லும்?

மின்னணு இசைக்காரர் ஒருவர் இன்னும் முடிக்காத ஆல்பத்திலிருந்து பாட்டுகளை மேடையேற்றுவதும், ஒரு ராக் குழு புதுப்பாட்டை ரசிகர்கள் முன் வாசித்துப் பார்ப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. குழு வாசித்தது மேடையோடு போய்விடும், ஒலிப்பதிவுக்கூடத்தில் மறுபடி முதலிலிருந்து வாசித்தாக வேண்டும். லேப்டாப்பில் இசையமைப்பவருக்கு அந்த இடைவெளி கிடையாது. பெர்லினில் உருவான ஏபிள்டன் லைவ் மென்பொருள் 2001இல் வந்ததிலிருந்து, வீட்டில் அடுக்கிய அதே கோப்பையே மேடையில் திறக்கலாம். எட்டுச் சுற்று ஓட வேண்டிய லூப்பைக் கூட்டத்தைப் பார்த்துப் பதினாறு சுற்று ஓடவிடலாம். ஓடியதை அப்படியே சேமித்தும் வைக்கலாம். ஆக, கூட்டத்தின் ஆரவாரம் நேராகப் படைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வழக்கத்தின் பலமும் ஆபத்தும் அங்கேதான். நடன அரங்கு சில கேள்விகளுக்கு மிகச் சரியாகப் பதில் சொல்லும்; வேறு சிலவற்றுக்குத் தப்பான பதிலை அதே உரத்த குரலில் சொல்லும். எந்தக் கேள்வியோடு மேடையேறுகிறோம் என்று தெரிந்தவருக்கே வெள்ளோட்டம் பயன்படும்.

சரியாகச் சொல்வதை முதலில் பார்ப்போம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையில் அது சுவர்களில் மோதித் திரும்பி, மூலையில் பேஸை ஊதிக் காட்டும், நாற்காலி போட்ட இடத்தில் அதையே விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, சன்னமாகக் கேட்கும்போது நம் காது கீழ் ஒலிகளை மந்தமாகவும் சத்தம் ஏற ஏறத் தாராளமாகவும் வாங்கிக்கொள்கிறது. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து நள்ளிரவில் மெதுவாக வைத்துச் சமன்செய்த மிக்ஸ், கிளப் ஸ்பீக்கரில் கொழகொழவென்று வருவது இதனால்தான். பல கிளப்புகளில் இடது, வலது இரண்டையும் சேர்த்து மோனோவாக ஓட்டுவார்கள். வீட்டில் அகலமாக விரிந்த சின்தசைசர் அங்கே பாதி காணாமல் போகும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிட ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது சுலபம். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் டப்பிளேட் என்ற அசிட்டேட் தட்டை வெட்டியதும், லண்டனின் டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப் ஆட்கள் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டதும் இதற்காகவும்தான். அந்தத் தட்டு சில பத்து முறை ஓடினாலே தேய்ந்துவிடும். சோதனைக்கு அது போதும்.

பேஸைப் போலவே நீளமும் அரங்கில்தான் பிடிபடும். ஃபோர் டெட் என்ற பெயரில் இசைக்கும் கீரன் ஹெப்டன், 2010இல் வெளிவந்த ‘தேர் இஸ் லவ் இன் யூ’ ஆல்பத்தின் பாட்டுகளை லண்டன் ஷோர்டிச்சில் இருந்த பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்பில் ஓட்டிப் பார்த்தே செதுக்கினார். இருட்டான சின்ன நிலவறை, அசாத்தியமான ஒலியமைப்பு, திரும்பத் திரும்ப வரும் முகங்கள். அங்கிருந்து வந்த ‘லவ் கிரை’ ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. தாளம் முதலில் வந்து நிலைகொள்கிறது. குரல் அவசரமே இல்லாமல் வந்து சேர்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்தவர் சலிப்புக்கு அஞ்சி அந்தக் குரலை முன்னாலேயே இழுத்துவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆடுகிற உடம்புக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்று நேரில் பார்த்தவர்தான் அத்தனை நிதானத்துக்குத் துணிவார். கூட்டத்துக்கு வளைந்துகொடுத்தால் எல்லாம் ஒரே அச்சாகிவிடும் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஆல்பமே பதில். ஆனால் அது ஒரு நிலவறை தந்த பலன். ஐம்பதாயிரம் பேர் கூடும் திருவிழா மேடையில் அதே சோதனையைச் செய்தால், அடுத்த வெடிப்பு எப்போது என்றுதான் கூட்டம் கேட்கும்.

அரங்கு தப்பாகச் சொல்வதற்குச் சிகாகோவில் ஒரு பிரசித்தமான சான்று உண்டு. ஃப்யூச்சர் என்ற குழுவின் மூவரும் ரோலண்ட் டிபி-303 கருவியின் குமிழ்களை மனம்போனபடி திருகி எடுத்த ஒரு நீண்ட பதிவை, மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் டேப்பாகக் கொடுத்தார்கள். குழுவில் ஒருவரான டிஜே பியர் பல பேட்டிகளில் சொல்லியிருப்பதுபோல, முதல் முறை ஓட்டியபோது ஆடுகளம் காலியானது. ஹார்டி விடவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்ப ஓட்டினார். நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இங்கே செல்லாது: முதல் தடவை கிடைத்த தீர்ப்பை நம்பியிருந்தால் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே வேறு விதமாகப் பிறந்திருக்கும். அந்த வெற்றியைக்கூட அவர்கள் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டாக வருமுன், தயாரிப்பாளர் மார்ஷல் ஜெஃபர்சன் சொல்கேட்டு வேகத்தைக் குறைத்தார்கள். அரங்கு பரிச்சயத்தை அளக்கிறது. புதுமையை அளக்க அதற்கு நேரம் பிடிக்கும். ஒரே ஒரு கச்சேரியில் எடுபடாததைத் தூக்கிப்போடும் இசைக்காரர் பெரும்பாலும் தன் நல்ல பாட்டைத்தான் தூக்கிப்போடுகிறார்.

முன்கூட்டியே வாசித்தால் திருட்டுப்பதிவு வந்து விற்பனை கெடும் என்பது பழைய ஆட்சேபம். அதில் எனக்கு அதிக மரியாதை இல்லை. பிங்க் ஃபிளாய்ட் 1972 முழுவதும் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ தொகுப்பை மேடைகளில் வாசித்தது. திருட்டுத்தட்டும் முன்னதாகவே வந்தது. 1973இல் வெளிவந்த ஆல்பம் 1988 வரைக்குமே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்தது. நமக்கு முக்கியம் வேறொன்று. மேடையில் கிடாரும் கீபோர்டுமாக நீண்ட ஒரு பகுதி தட்டில் இல்லை. அந்த இடத்தில் சிந்தி ஏ.கே.எஸ். சின்தசைசரில் எட்டு ஸ்வரங்களை அடித்து விரட்டிய ‘ஆன் த ரன்’ இருக்கிறது. மாதக்கணக்கில் கைதட்டு வாங்கிய பகுதியை எடுத்தெறிய ஒரு துணிச்சல் வேண்டும். அது இருந்தால்தான் மேடை உதவுகிறது என்று பொருள்.

இன்றைய ஆட்சேபம் கனமானது. ‘ரம்பிள்’ பாட்டு 2023 ஜனவரியில் வெளியாவதற்கு மாதங்களுக்கு முன்பே, அதன் இசைக்காரர்களில் ஒருவரான ஃப்ரெட் அகெய்னின் பாய்லர் ரூம் இணைய நிகழ்ச்சி வழியாக உலகெங்கும் பரவியிருந்தது. இப்படிப்பட்ட சூழலில், இன்னும் வெளிவராதது என்ற பெயரே ஒரு கவர்ச்சி. கைகள் உயர்வது பாட்டுக்கா, செல்பேசியில் அதைப் பிடித்துவிட்ட பெருமைக்கா என்று மேடையில் நிற்பவருக்குத் தெரியாது, அளவுகோலே கோணிவிட்டது. மேலும், பதினைந்து விநாடித் துணுக்காகப் பரவிய வடிவம்தான் ரசிகர் மனதில் அசலாக நிலைக்கும். பிறகு செய்யும் திருத்தமெல்லாம் கெடுத்ததாகத் தோன்றும். இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. புதுசு என்று அறிவிக்காமல் நடுவில் செருகலாம்; பெர்லினின் பெர்க்ஹைன்போல வாசலிலேயே கேமராக்களில் ஸ்டிக்கர் ஒட்டும் இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். காசு கொடுத்தவருக்கு அரைகுறையா என்று கேட்பவர்களுக்கு மட்டும் சுருக்கமான பதில்: நன்றாக ஓடும் அரைகுறை, லேப்டாப் முன் தலையாட்டிக்கொண்டு ஓட்டும் முழுமையைவிடக் கச்சேரிக்கு நேர்மையானது.

ஆட்டெக்கர் என்ற மின்னணு இசைக் குழுவின் இருவரும் இந்தச் சிக்கலையே உடைத்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு, தாங்களே மேக்ஸ் மென்பொருளில் கட்டிய அமைப்புகளை ஓட்டி, 2014-15 சுற்றுப்பயணக் கச்சேரிகளின் பதிவுகளையே வெளியிட்டார்கள். ஊருக்கு ஊர் ஒரே பொருள் வேறு வேறு உருவில் வருகிறது. எது முடிந்தது, எது முடியாதது என்ற கேள்விக்கு இடமில்லை. கேட்க வியப்பாக இருந்தாலும், வேண்டாததைக் கழிக்கும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது என்பது என் குறை. மறுகோடியில் மின்னணு இசைக்காரர் பரியல்: மேடையேறியதே இல்லை. 2007இல் வந்த ‘அன்ட்ரூ’ ஆல்பத்தைச் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே தாளத்தை வைத்துச் செய்தார். கட்டத்துக்குள் சரியாக விழாத அந்தத் தாளத்தைக் கூட்டத்தின் முன் சோதித்திருந்தால் நிமிர்த்தியிருப்பார், ஆல்பம் கெட்டிருக்கும். ஹெட்ஃபோன் பிரியர்கள் இதையே காட்டி மேடையை ஒதுக்குவார்கள். ஆனால் அந்த ஆல்பத்தின் பேஸும் தாள இலக்கணமும் ஜங்கிள், கராஜ் அரங்குகளில் டப்பிளேட் டப்பிளேட்டாகப் பிறர் ஓட்டிப் பார்த்துத் தீர்த்துவைத்தவை. அந்த வெள்ளோட்டத்தின் பலனை பரியல் மேடையேறாமலே எடுத்துக்கொண்டார்.