லயமும் வீடும்: மலையகப் புனைகதை பற்றிய ஒரு குறிப்பு

மலையகப் புனைகதையை ஆராய்ந்தோர் பலர் லயத்தை வறுமையின் பின்னணிக் காட்சியாகவே நோக்கியுள்ளனர். ஒழுகும் தகரக் கூரையும் புகை சூழ்ந்த அடுப்படியும் சுட்டிக்காட்டப்படும். ஆய்வு அத்துடன் நின்றுவிடும். ஆயின் லயம் வெறும் பின்னணியன்று. பெருந்தோட்ட உற்பத்தி உறவுகள் கட்டட வடிவம் பெற்ற இடம் அது. அதன் அமைப்பும் மாற்றங்களும் அவ்வுறவுகளோடு இணைத்தே நோக்கப்படல் வேண்டும்.

கோப்பிக் காலத்தில் மண்சுவரும் புற்கூரையுமாக எழுந்த லயங்கள் தேயிலைக் காலத்தில் கற்சுவரும் தகரமும் பெற்றன. பொருள் மாறிற்று, வடிவம் மாறவில்லை. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பரா, அதன் முன்னே இஸ்தோப்பு; இதுவே ஒரு குடும்பத்தின் முழு உலகு. இரட்டை லயங்களில் பின்சுவர் இரு வரிசைக்கும் பொதுவாதலால் பின்வாசல் என்பதே இல்லை. குடும்பத்தின் தேவை இவ்வடிவத்தின் அளவுகோலாக அமையவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குத் திரட்டப்படவேண்டிய உழைப்புச் சக்தியைக் குறைந்த செலவில் ஓரிடத்தில் வைத்திருப்பதே இதன் நோக்கமாகும்.

இவ்வுண்மையைத் தலைப்பிலேயே பொறித்த நாவல் சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' (1981). 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். தொழிற்சங்க வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி வேலையை இழக்கிறான்; வேலையோடு காம்பராவும் போகிறது. தலைப்பு கதைமுடிவை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளல் மேலோட்டமான வாசிப்பு. காம்பராவில் குடியிருந்த நாளிலும் அவன் வீடற்றவனே. வேலைக்குப் பேர் பதிந்திருக்கும்வரைதான் அவ்விடம் அவனுக்குரியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உரிமையாளர் மாறினும் லயம் நிலைத்தது. அதற்குள்ளே மாற்றங்களைச் செய்தோர் தொழிலாளரே. இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து அடுப்படியாக்கினர். புதுமணத் தம்பதியருக்காகச் சேலையைத் திரையாகக் கட்டிக் காம்பராவை இரண்டாக்கினர். பின்னர் கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் பிள்ளைகளும் பெண்களும் உழைத்த பணம் சீமெந்துத் தரையாகவும் புதுச் சுவராகவும் உருப்பெற்றது. பணம் தொழிலாளியுடையது, சுவர் தோட்டத்துடையது. ஓர் அறையை நீட்டவும் நிருவாகத்தின் அனுமதி வேண்டும். கூலியற்ற இவ்வுழைப்பு, சிறப்பாகப் பெண்களின் உழைப்பு, நமது விமர்சனத்தில் உரிய இடம் பெறவில்லை.

இதற்கு எதிர்நிலையில் மூலதனம் தன் கட்டடங்களைப் புதுப்பிக்கும் முறையை நோக்கலாம். கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. நோர்வூட், காசல்ரீப் பகுதிகளில் துரைமாரின் பங்களாக்கள் 2005 முதல் விடுதிகளாயின. அங்கே பழமை விலைமதிப்புள்ள பண்டமாகிறது. லயத்தில் அதே பழமை ஒழுகும் கூரையாக எஞ்சுகிறது.

2016 முதல் இந்திய உதவியுடன் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் கட்டப்படலாயின. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. தொழிலாளிக்குச் சொந்த வீடு விலங்காகும் என 'வீட்டுப் பிரச்சினை'யில் (1872) எங்கெல்ஸ் எச்சரித்ததை எடுத்துக்காட்டி இம்மாற்றத்தைப் புறக்கணிப்போர் உளர். அவ்வெச்சரிக்கை, வேலையைவிட்டு வேறிடம் செல்லும் சுதந்திரமுடைய நகரத் தொழிலாளியை முன்னிறுத்தியது. மலையகத்திலோ சொத்து அன்று, சொத்தின்மையே விலங்காயிற்று. ஆதலால் காணியுறுதி இங்கு முற்போக்கான கோரிக்கையே. எனினும் உறுதி கைக்கு வராத வீடு, எத்துணை அழகாக அமையினும், தனித்து நிற்கும் காம்பராவே. 7 பேர்ச்சும் வாழ்வாதார நிலமாகாது.

மலையக எழுத்தில் வீடு வருமிடமெல்லாம் அதன் வருணனையோடு விமர்சகன் நின்றுவிடலாகாது. அச்சுவரை எழுப்பியவர் யார், அங்கிருந்து ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் யாரிடமுள்ளது என்பனவே அவன் எழுப்பவேண்டிய வினாக்கள்.