உணர்ந்து பாடினால் போதுமா?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பாடும் பிள்ளை சரணத்தில் குரல் கம்மிக் கண் கலங்கிவிட்டால் அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் இப்போது பாட்டு வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. 'ஸ்வரம் சரி, இன்னும் உணர்ந்து பாடு' என்கிறார் ஆசிரியர். இதற்குத் துணையாகக் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.யை அழைப்பவர்களும் உண்டு. டி.கே.சி. செய்தது பெரிய காரியம். சொல்லை மென்று விழுங்கிப் பாடிய கச்சேரிகள் மலிந்திருந்த காலத்தில், பாட்டின் உயிர் அதன் பாவத்தில் இருக்கிறது என்று கேட்பவர்களின் காதைத் திருப்பினார். 1940களின் தமிழிசை இயக்கத்துக்கு அது பெரும் பலம். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது ரசிப்பதற்கு. ரசிகர் உருகலாம், பாடுகிறவர் அப்படியே உருகினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ரசனைக்குச் சொன்னதைப் பயிற்சிக்கு விதியாக்கியதில்தான் பிழை தொடங்குகிறது.

நிஜமாக அழுகை முட்டும்போது தொண்டை இறுகுகிறது, மூச்சு துண்டு துண்டாகிறது, மேல் ஸ்தாயியில் சுருதி நழுவுகிறது. பாடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் அது முதலில் பறித்துக்கொள்கிறது. 'உணர்ந்து பாடு' என்பவர் போய்ச் சேரவேண்டிய ஊரின் பெயரைச் சொல்கிறார், வழியைச் சொல்வதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராமல், இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைப் பிரித்துக் காட்டுகிறது. பிள்ளையை இழந்த தாயின் அழுகையும் அவமானப்பட்டவனின் அழுகையும் பாட்டில் ஒன்றாக ஒலிக்க முடியாது. ஒன்றில் அடி முடியும் முன்பே மூச்சு தீர்ந்ததுபோல் நிறுத்தலாம். மற்றதில் கமகத்தைக் குறைத்து, சொல்லைத் தட்டையாக விட்டு, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வரலாம். இவை கற்றுக்கொடுக்கக் கூடியவை. கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, பிள்ளைக்கு உணர்ச்சி போதவில்லை என்பது நியாயமே இல்லை.

டி.கே.சி.யின் குற்றால வட்டாரத்துக் கலைகளே இதற்குச் சாட்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி விரகத்தில் நிலவை ஏசுகிறாள். அடுத்து வரும் குறத்தி தன் மலை வளத்தைப் பெருமிதத்தோடு பாடுகிறாள். பின்னால் சிங்கனும் அதே குறத்தியான சிங்கியும் சேர்ந்து சிரிக்க வைக்கிறார்கள். பின்பாட்டுக்காரர் விரகத்திலேயே மூழ்கிவிட்டால் குறத்தியின் மிடுக்குக்கு அவரால் எப்படி வரமுடியும்? கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர் உடுக்கும் குடமும் வேகம் ஏற ஏறப் பாடி, சாமியாடியின் மேல் அருளை வரவழைக்கிறார். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதும் வீசுகோல் தாளம் தப்புவதில்லை. அடுத்த அடி எது என்பதும் அவருக்கு மறப்பதில்லை. செங்கோட்டையில் பிறந்து, 1933இல் இளம் வயதிலேயே மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளையும் கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்தை ஒட்டிய நேரம், எதிரில் ரசிகர் இல்லை, ஒலிப்பதிவுக் கருவிதான். உச்ச ஸ்தாயியில் அவ்வளவு வேகமான பிருகாக்களை உதிர்த்தவர் அந்த நேரத்தில் உருகிக் கரைந்துகொண்டிருந்தார் என்று நம்ப என்னால் முடியாது.

இப்படிக் கணக்குப் போட்டால் பாட்டு செத்துப்போகும் என்பார்கள். உயிரில்லாத சுத்தமான பாட்டும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உணர்ச்சி வேண்டிய இடம் சாதகம். பாட்டின் பொருளோடு நாள்கணக்கில் கிடந்து, அழவேண்டுமானால் அங்கே அழுது தீர்த்து, எந்தச் சொல் தன்னைத் தாக்குகிறதோ அதற்கு முன்னால் மூச்சை எங்கே எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு மேடையேறுவதில் பாட்டு எங்கே சாகிறது? கண்ணீரை மதிப்பெண்ணாக்கிய பழக்கம்தான் கொல்கிறது. அழத் தெரிந்த பிள்ளை அடுத்த சுற்றிலும் அழக் கற்றுக்கொள்கிறது. அழ வராத பிள்ளை, நல்ல குரல் இருந்தும், தனக்கு மனசே இல்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. மூச்சை ஒரு சொல் முன்னதாக எடுத்திருக்கலாம் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.