ஒரு சாண் இன்ஜின்

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, நடக்கிற தூரத்தில் நண்பரின் வீடு. மாடி அறையில் ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன், பச்சைத் தூள் தூவிய புல்வெளி. நண்பரின் அப்பா முப்பத்தைந்து வருஷம் சரக்கு ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேரனுக்குத் தன் வேலையைக் காட்ட ஆசைப்பட்டு, வெளிநாட்டில் இருக்கும் சின்ன மகனிடம் சொல்லி ஒரு மாடல் டீசல் இன்ஜின் வரவழைத்தார். விலை, நம்ம ஊர்க் காசில் பதினெட்டாயிரம். அந்தக் காசுக்கு ஒரு ஃபிரிஜ் வாங்கியிருக்கலாம் என்பது வீட்டம்மாவின் கருத்து.

இன்ஜின் கொள்ளை அழகு. தலைமுடி கனத்தில் கைப்பிடிக் கம்பி. கேபினுக்குள் டிரைவர் சீட். கண்ணாடியில் வைப்பர்கூட உண்டு. ஐந்தாவது மாதம் 'டிக்... டிக்...' என்று விக்கல் எடுக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் நின்றேவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க ஓட்டின இன்ஜினும் இப்படித்தான் நடுவழியில நிக்குமா?"

பெரியவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. எனக்கு போன் வந்தது. "தம்பி, நீங்க பத்திரிகைக்காரர். இதைப் பத்தி நாலு வரி எழுதணும்."

நாலு வரியில் முடிகிற சமாசாரம் இல்லை இது.

முதலில் அளவு. உலகத்தில் அதிகம் விற்பது எச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. நம்ம டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார இன்ஜின் சுமார் 20 மீட்டர் நீளம். அதை இந்தக் கணக்கில் சுருக்கினால் சரியாக ஒரு சாண். நீளம் சரி, எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைகிறதல்லவா? அதனால் 123 டன் இன்ஜின் 190 கிராமுக்கும் கீழே போய்விடும். அவ்வளவு லேசான வண்டி நாலு பெட்டியை இழுக்காது, வழுக்கும். ஆகவே உள்ளே இரும்போ துத்தநாகக் கலவையோ அடைத்து எடை ஏற்றுகிறார்கள். நல்ல மாடலைக் கையில் எடுத்தால் கனக்கும். அது முதல் பரீட்சை.

இரண்டாவது, மின்சாரம். இந்த வண்டிக்குத் தண்டவாளம்தான் கரன்ட் கம்பி. பொதுவாக 12 வோல்ட். சக்கரம் அதைத் தொட்டு வாங்கி மோட்டாருக்கு அனுப்ப வேண்டும். மலிவு மாடலில் இரண்டு மூன்று சக்கரம்தான் கரன்ட் எடுக்கும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து தண்டவாளத்தில் ஒரு படலம் கட்டினால் போதும், வண்டி திக்கும். எல்லாச் சக்கரமும் கரன்ட் எடுத்தால் ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று காப்பாற்றும்.

மூன்றாவது, நிதானம். கடைக்காரர் எப்போதும் வேகமாகத்தான் ஓட்டிக் காட்டுவார். வேகமாக எந்த டப்பாவும் ஓடும். நத்தை மாதிரி, ஒரு ஸ்லீப்பர் கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஊர்ந்து போகச் சொல்லிப் பாருங்கள். மோட்டார், பல்சக்கரம், கரன்ட் தொடர்பு மூன்றின் லட்சணமும் அப்போது தெரிந்துவிடும்.

நம்ம பெரியவரின் இன்ஜின் இந்த மூன்றிலும் பாஸ். பிறகு ஏன் படுத்தது?

திறந்து பார்க்கத்தான் அரை நாள் ஆனது. திருகாணியே இல்லை. எங்கேயோ அமுக்கினால் எங்கேயோ கழலும் பிளாஸ்டிக் கொக்கிகள். அதில் இரண்டு உடைந்தன. அந்த அழகான கைப்பிடிக் கம்பி ஒன்றும் போயிற்று. உள்ளே பார்த்தால், அச்சில் மாட்டிய சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் நெடுக விரிசல் விட்டிருந்தது. விரிசலில் இடைவெளி விழுந்தால் பற்கள் சரியாகக் கவ்வாது. அதுதான் முதலில் கேட்ட 'டிக்'. தயாரிப்பாளருக்கு எழுதினோம். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, உதிரி பாகம் கிடையாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருவோம். இந்தக் கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய்ச் சொத்து, பத்து ரூபாய் பெறாத ஒரு பிளாஸ்டிக் துண்டு வெடித்ததும் ஒரே நாளில் பூஜ்யம்!

இது புது வியாதியும் இல்லை. 1976-ல் பிரிட்டனில் 'மெயின்லைன்' என்ற வரிசை வந்தது. ஹாங்காங்கில் தயாரிப்பு. அந்தக் காலத்துக்கு அசத்தலான வேலைப்பாடு. ஆனால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் நடுவில் இணைக்கும் பிளாஸ்டிக் பகுதி வெடித்துவிடும். இன்றுவரை அந்த மாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது அந்த விரிசல்தான். அதே நாட்டில் அதற்கு முன் வந்த ட்ரையாங் இன்ஜின்கள் பார்க்க முரடு. ஆனால் மோட்டாரைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை வீட்டிலேயே மாற்றலாம். அரை நூற்றாண்டு தாண்டியும் அவற்றில் பல ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல்களில் துத்தநாக வார்ப்பில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், பல வருஷம் கழித்து உலோகமே உப்பி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இது சீக்கிரம் நடக்கும். நம்ம ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? 99.99 சதவீதச் சுத்தமான துத்தநாகத்தில் கலவை செய்ய 1929-ல் அமெரிக்காவில் வழி கண்டுபிடித்தார்கள். இருந்தும், சுத்தத்தில் கை வைத்த இடங்களில் பின்னாலும் அந்த நோய் வந்தது.

அப்படியானால் யாரைத்தான் நம்புவது? ஜெர்மனியின் மார்க்லின் 1859-ல் பொம்மை வீட்டுச் சமையல் பாத்திரம் செய்யத் தொடங்கிய கம்பெனி. ஜப்பானின் காட்டோ 1965-ல் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் குட்டி இன்ஜின் கொண்டுவந்தது. இரண்டுக்கும் நல்ல பெயர். அதற்குக் காரணம், என் பார்வையில், அவர்கள் வண்டி கெடவே கெடாது என்பதல்ல. பாகத்துக்கு நம்பர் இருக்கிறது. நம்பரைச் சொன்னால் பாகம் கிடைக்கிறது. ஆனால் நல்ல பெயர் மட்டும் கல்லாவை நிரப்பாது. அதே மார்க்லின் 2009-ல் திவால் மனு கொடுத்தது, 2013-ல் கைமாறியது. வாங்குகிற நாமும் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துத்தானே காசு கொடுக்கிறோம்? பல்சக்கரம் என்ன உலோகம் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

சர்க்கார் என்ன செய்கிறது? 2021 ஜனவரியிலிருந்து, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நல்ல காரியம். ஆனால் அது கூர்முனை, விஷப் பூச்சு, தீப்பிடிக்கும் ஆபத்து போன்றவற்றைப் பார்க்கிற சோதனை. ஐந்து வருஷம் ஓடுமா என்பது அதன் கேள்வி இல்லை. 2022-ல் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்தபோது, விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைதான் சொன்னார்கள். பொம்மை ரயிலை யார் சீந்துவார்கள்?

சீந்த ஒரு ஆள் கிடைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. பெரியவர் பல்சக்கரத்தை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். பட்டறைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இந்த சைஸ்ல பல்லு வெட்ற கட்டர் நம்மகிட்ட இல்ல. புதுசு போட முடியாது. ஆனா கியர் மேல தப்பில்ல. ஷாஃப்ட்டு தடி, ஓட்டை சின்னது. பிளாஸ்டிக்கை அடிச்சு ஏத்தியிருக்கான். எத்தனை நாள் தாங்கும்?"

அச்சை எமரித் தாளில் ஒரு மயிரிழை தேய்த்தார். பித்தளையில் ஒரு குட்டி வளையம் கடைந்து, பல்சக்கரத்தின் கழுத்தில் இறுக்கினார். விரிசல் மூடிக்கொண்டது. கூலி நூறு ரூபாய். டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

திரும்பி வரும்போது பெரியவர் சொன்னார்: "நாங்க ஓட்டின இன்ஜின் கெடலைன்னு யார் சொன்னா? ஏகத்துக்குக் கெடும். ஷெட்டு இருந்துச்சு. ஸ்டோர்ல சாமான் இருந்துச்சு. ஃபிட்டர் இருந்தாரு. தேதி போட்டுக் கழட்டி மாட்டுவாங்க. அதனால ஓடுச்சு."

அதனால் மாடல் இன்ஜின் வாங்க நினைப்பவர்கள், ஓட்டிப் பார்த்த பிறகு கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இதை எப்படித் திறப்பது? இதன் பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா? முழித்தால், கைப்பிடிக் கம்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

போன வாரம் பொன்னேரி போயிருந்தேன். இன்ஜின் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கக் கைப்பிடி இல்லாமல்தான். பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'ஷெட் ரிஜிஸ்டர்' என்று பேரன் கையெழுத்து. முதல் பக்கத்தில், தேதி போட்டு: 'கியர் மாத்தல. வளையம் போட்டது. ஓடுது.'