நரையும் நினைவும்

பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 191ஆம் பாட்டு, ஆண்டு பலவாகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், முறை காக்கும் வேந்தன், சான்றோர் வாழும் ஊர் என அவர் நிரல்படுத்துவர். கவலையற்ற உள்ளத்தின் சிறப்புரைப்பது என இதனைப் பாராட்டுவர். அது பொருந்துவதே, ஆயினும் நிறைவுடைத்தன்று. மூப்பு உடலால் மட்டும் வருவதன்று, வாழ்வுச் சூழலாலும் வருவது என்பதே பாட்டின் உட்கோள். அங்ஙனமாயின், அவ்வேவலர்க்கு நரை எப்பொழுது தோன்றிற்று? பாட்டு விடை கூறவில்லை.

தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் பாட்டை இதனொடு ஒப்புநோக்குவாம். தண்டூன்றி, இருமலிடையே சில சொல்லே பேசும் முதியோன், இளமையில் மடுவுட் குதித்து மணல் கொணர்ந்ததை எண்ணி இரங்குகின்றான். பேச்சுத் தளர்ந்தது, நினைவு தளரவில்லை. எனவே, சொல் குன்றியமை கொண்டு நினைவு குன்றியதென முடிவு செய்தல் பிழையாம்.

இப்பிழை இன்றும் நிகழ்தற்கு இடமுண்டு. சேர்வராயன் மலையில், ஏற்காட்டின் மாண்ட்போர்ட் பள்ளி 1917இல் தோன்றியது. அம்மலையிலேயே மலையாளிப் பழங்குடி முதியோர் பலர் எழுத்தறியாது வளர்ந்தனர். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்து மலைதோறும் பிரிந்த உடன்பிறந்தார் என்னும் வரலாற்றை அம்மக்கள் வாய்மொழியாகவே காத்தனர். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆயின், 1975இல் அமெரிக்காவில் அமைந்த 30 மதிப்பெண் கொண்ட உளநிலைத் தேர்வோ, ஒரு வரியைப் படிக்கவும் ஒரு தொடரை எழுதவும் பணிக்கின்றது. எழுத்தறியாதார் அங்கே இழப்பது நினைவையன்று, மதிப்பெண்ணை. இக்குறை நோக்கியே அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாதார்க்கேற்ற இந்தித் தேர்வு அமைக்கப்பெற்று 1995இல் வெளிவந்தது.

எனினும், குறை அளவுகோலில் மட்டுமே உளதென்பதும் பொருந்தாது. இந்தியாவில் 60 வயது நிரம்பியோருள் நூற்றுக்கு 7.4 பேர்க்கு மறதிநோய் உளதென 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆடவரினும் மகளிரிடத்தும், நகரினும் சிற்றூரிலும் அது மிகுதி. 2024இல் லான்செட் ஆணையம் தொகுத்த, மாற்றவியலும் 14 காரணங்களுள் கல்விக்குறை, செவிக்குறை, தனிமை ஆகியன அடங்கும். இளமையில் மறுக்கப்பட்டது முதுமையில் மறதியாய் வெளிப்படுதலும் உண்டென்பது இதனாற் போதரும்.

ஆதலின், மலைப்பாட்டுத் தொகுக்கும் மாணாக்கர், முதியோர் இடையில் நிறுத்தியவழி, ‘மறந்தார்’ என உடனே குறித்தல் தகாது. செவி கேட்கின்றதா, பாடக் கேட்பார் உளரா, கற்க வாய்ப்பிருந்ததா என வினவுதல் வேண்டும். பிசிராந்தையார் தமக்கு எண்ணிய பேறுகளை ஏவலர்க்கும் எண்ணிப் பார்த்தலே அப்பாட்டை முழுமையாகக் கற்றலாம் என்பது எம் துணிபு.