மணிக்கூலி விரிவுரையாளரும் மலேசியத் தமிழ்ப் புனைகதையும்

மலேசியத் தமிழ்ப் புனைகதை பிறந்து வளர்ந்த இடம் தோட்டம். பால்மரமும் லயத்து வீடும் பெரட்டுக் களமும் கங்காணியும் எழுத்தாளர்க்குக் கதைக்களத்தையும் மாந்தரையும் ஒருங்கே வழங்கின. தமிழகத்து அகிலனும் இந்நாட்டு வாழ்வை எழுதப் புகுந்தபோது 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். உயர்கல்விச் சூழலும் விடுபட்டுப் போகவில்லை, ரெ.கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டது. ஆயினும் தோட்டமாயினும் வளாகமாயினும் கதைக்கு ஓரிடம் வேண்டும் என்னும் பழக்கம் ஆழ வேரூன்றிவிட்டது. ஓரிடமும் தனக்கென இல்லாத மனிதரை எழுதுவது எங்ஙனம்?

இவ்வினா வெறும் கற்பனையன்று. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் கல்லூரிகள் பெருகின. அவற்றோடு பகுதிநேர விரிவுரையாளர் என்னும் புதிய பிரிவினரும் பெருகினர். காலையில் கிள்ளானில் ஒரு வகுப்பு, நண்பகலில் சுபாங் ஜெயாவில் ஒன்று, மாலையில் பிரிக்பீல்ட்சில் மற்றொன்று. இடைப்பட்ட பொழுது கூட்டரசு நெடுஞ்சாலையிலோ, 1995இல் தொடங்கிய கொமுட்டர் இரயிலிலோ கழியும். ஒரு கல்லூரி தன் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் ஏனைய இரண்டின் அட்டவணையும் குலையும். கற்பித்த மணிக்கே ஊதியம். பயணத்துக்கும் விடைத்தாள் திருத்தத்துக்கும் பெரும்பாலும் தனி ஊதியமில்லை. வேலை ஒப்பந்தமாக அன்றிச் சேவைக்கான ஒப்பந்தமாக அது எழுதப்படின், முதலாளியின் கட்டாயச் சேமநிதிப் பங்கும் கிட்டாது. கலிபோர்னியாவில் இத்தகையோரை நெடுஞ்சாலையில் பறப்போர் என அழைக்கும் வழக்கு உண்டு.

தோட்டக் கதைகளில் தோய்ந்த வாசகர்க்கு இவ்வாழ்வு முற்றும் புதிதாகத் தோன்றாது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. பருவ விடுமுறை வந்தால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையேல் ஊதியம் இல்லை. பட்டம் பெற்ற பேரன், பாட்டனின் கூலிமுறைக்கே திரும்பியிருக்கிறான். எனினும் வேறுபாடொன்று உண்டு. பாட்டனுக்குப் பெரட்டில் அருகில் நின்றோர் இருந்தனர்; 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இருந்தது. பேரனோ, தன்னைப் போன்ற மற்றொருவரை வகுப்பறை வாயிலில் நொடிப்பொழுது கண்டு கடந்து செல்கிறான். வறுமையினும் கொடிய இத்தனிமையே நல்ல கதைக்குரிய கரு.

ஆசிரியரைப் பற்றிய கதைகள் பல, அவரை உருகும் மெழுகுவத்தியாக்கி வணங்குகின்றன. அன்றேல் ஏழ்மையைக் காட்டி அழவைக்கின்றன. இவ்விரண்டும் இம்மாந்தரிடம் பொருந்தா. இங்கே சாவும் சாபமும் வேண்டுவதில்லை. தவறவிட்ட ஓர் இரயிலே திருப்பமாகும், மோதிக்கொள்ளும் இரு தேர்வுத் தேதிகளே முரணாகும். அட்டவணையையே கதைப்பின்னலாகக் கொள்ளும் வடிவத்துணிவு எழுத்தாளர்க்கு வேண்டும்.

இதனால் இழப்போர் ஆசிரியர் மட்டுமல்லர். வகுப்பு முடிந்தபின் ஐயம் கேட்க வந்த மாணவி வெறும் நாற்காலியைக் காண்கிறாள். அவர் அப்போது பாதித் தொலைவு கடந்திருப்பார். தோட்டத்தின் கண்ணீரை உலகறியச் செய்த எழுத்து, அந்த நாற்காலியையும் காணக் கடமைப்பட்டுள்ளது.